இரட்டைக் குழலும் எங்கள் வானமும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலில் ஒரே கல்லில் வடித்த நவக்கிரகம் ஒன்று உண்டு. மலர்ந்த தாமரை, அதனைத் தாங்கும் தேர், ஞாயிற்றைச் சூழ்ந்து ஏனைக் கோள்கள். காணச் செல்வோர் வலம் வந்து வணங்கித் திரும்புவர். என் போன்ற பள்ளிக்கூடத்துக்காரர்கள் சற்று நின்று, இதைச் செதுக்கிய சிற்பியின் தலைக்குமேல் அந்நாளில் எத்தகைய வானம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அவ்வெண்ணத்திற்கு ஓர் ஆண்டுக் கணக்கும் இருக்கிறது. கி.பி. 1054-ஆம் ஆண்டு சூலை மாதம் 4-ஆம் நாள், இடப ராசியில் அதுகாறும் இல்லாத விண்மீன் ஒன்று தோன்றியதாகச் சீனத்து அரசவைக் குறிப்புகள் கூறுகின்றன. 23 நாட்கள் அது பகலிலும் தெரிந்தது. ஏறத்தாழ 21 மாதங்கள் இரவில் நின்று பின் மறைந்தது. அவ்வாண்டில்தான் கொப்பத்துப் போரில் முதலாம் இராசாதிராசன் யானைமேல் மடிந்தான் என்றும், அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டான் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். சோழர் தலைநகர் அந்நாளில் கங்கைகொண்ட சோழபுரமே. சீனத்துக்குத் தெரிந்த வானம் நமக்கும் தெரிந்த வானமே அன்றோ! விடியற்காலையில் கீழ்த்திசையில் நின்ற அப்புதுமீனின் ஒளி, அரசன் வீழ்ந்த செய்தி வந்த அத்தலைநகரின் மதில்களின் மேலும் விழுந்திருக்கவே வேண்டும்.

வெடித்துச் சிதறிய அவ்விண்மீனின் எச்சம் இன்றும் அங்கேயே இருக்கிறது. இடபத்தின் கொம்பு நுனியாகிய விண்மீனுக்கு அருகே மங்கிய புகைத்திட்டாக அது நிற்கிறது. வானநூலார் அதனை நண்டு நெபுலா என்பர். 6,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. வெறுங்கண்ணுக்கு அகப்படாது. அரியலூர் மாவட்டத்துக் கிராமத்தார் ஒருவர் அதனைத் தம் கண்ணாலேயே காண விரும்பினால் அதற்கு என்ன செலவாகும்? ஒரு நல்ல மிதிவண்டியின் விலை, அல்லது அதற்குச் சற்று மேல். இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

நேயர்களே, பெரிய பைனாகுலர் என்று கடைக்காரர் வழங்கும் இரட்டைக்குழல் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஆனால் முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுவதே முறை.

2009-ஆம் ஆண்டு, கலிலியோ வானை நோக்கிய 400-ஆம் ஆண்டு நிறைவு என்று உலகெங்கும் வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அப்போது யான் பெரம்பலூர்ப் பகுதியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன். பெற்றோர் சிலர் கொடுத்த பணத்தைக் கொண்டு ஒற்றைக்குழல் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் 450 மடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எண்ணைக் கண்டு மயங்கினேன். 60 மில்லிமீட்டர் வில்லை உள்ள குழல் 120 மடங்குக்கு மேல் பயன் தாராது என்பதனைப் பின்னரே கற்றேன். மூன்று கால் தாங்கியோ, காற்று மூச்சு விட்டாலும் ஆடும்.

அன்று மாலை நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றனர். வியாழனைப் பிடித்து நிறுத்தினேன். முதற் பையன் குனிந்தான்; "தெரியுது சார்" என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். பன்னிரண்டாம் பிள்ளை நகர்ந்தபின் ஏதோ ஐயம் தோன்றி யானே குனிந்து பார்த்தேன். குழலில் இருள் தவிர ஒன்றுமில்லை. புவி சுழல்வதால் அத்துணைப் பெரிதாக்கிய காட்சியில் வியாழன் ஓரிரு நிமிடத்திற்குமேல் தங்காது என்பது என் நினைவில் இல்லை. ஒன்றும் காணாத பிள்ளைகள் கண்டதாகச் சொல்லிச் சென்றிருந்தனர். தலைமையாசிரியர் காட்டுகிறார், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? விண்ணைக் காட்டுவதாக அழைத்துவந்து, காணாததைக் கண்டேன் எனச் சொல்லப் பயிற்றுவித்தேன். அத்தொலைநோக்கி பின்னர் அலமாரிக்குள் போயிற்று. யான் ஓய்வு பெறும் வரை அதனை எடுக்க எனக்கு மனமில்லை.

இனி இரட்டைக் குழலின் வரலாற்றுக்கு வருவோம்.

ஒற்றைக்குழல் முன்னது, இரட்டைக்குழல் பின்னது என்றே பலரும் கருதுவர். உண்மை வியப்பானது. 1608-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒல்லாந்தில் மிடல்பர்க் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர் அன்ஸ் லிப்பர்ஷே என்பார், தாம் செய்த தொலைநோக்கிக்கு உரிமை வேண்டி அரசவையை அணுகினார். அவையினர் கருவியைச் சோதித்து, இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்து தருக என்றனர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது அவர்களுக்கு அப்போதே இடையூறாகப் பட்டிருக்கிறது! அவரும் செய்து கொடுத்தார், பணமும் பெற்றார். பிறரும் இக்கருவியை அறிவர் என்ற காரணத்தால் உரிமை மட்டும் மறுக்கப்பட்டது. கலிலியோ தம் குழலைச் செய்தது அதற்கு மறு ஆண்டிலேதான்.

ஆயினும் நீண்ட இரு குழல்களை ஒன்றுபோல் இணைத்து நிறுத்துவது எளிதன்று. இருநூற்றைம்பது ஆண்டுகள் இக்கருவி பெரிதும் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. 1854-இல் இத்தாலியராகிய இக்னாசியோ போரோ, ஒளியை மடக்கித் திருப்பும் இரு கண்ணாடிப் பட்டகங்களை அமைக்கும் முறையைக் கண்டார். தலைகீழான உருவம் நேராயிற்று. நீண்ட குழல் குறுகிற்று. 1894-இல் செருமனியில் எர்ன்சுட் அப்பேயின் கணக்கின்படி சைசு தொழிற்சாலை இவற்றைச் செம்மையாகச் செய்து விற்கத் தொடங்கியது. பின்னர் வந்த இரு பெரும் போர்களும், கப்பல் தளத்திலும் விமானக் காவலிலும் பயன்பட மிகப் பெரிய இரட்டைக்குழல்களைச் செய்வித்தன. குண்டு வீச வரும் விமானத்தை அந்தி வெளிச்சத்தில் கண்டுபிடிக்கச் செய்த கருவியே, அமைதி வந்தபின் மங்கிய விண்மீனைத் தேடவும் ஏற்றதாயிற்று.

அதனை அவ்வாறு பயன்படுத்தியவர்களுள் ஒருவரை விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதில் எனக்குத் தன்னலமும் உண்டு. அவர் என் தொழிலர். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துப் பள்ளி ஆசிரியர் சார்சு ஆல்காக், 1912-இல் பிறந்தவர். 1953-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வால்வெள்ளி தேடுவதென்று முடிவு செய்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். முகிலற்ற இரவில் தேடல். ஓராண்டு, ஈராண்டு அல்ல, ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் கிட்டவில்லை. பின்னர் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஒரு வால்வெள்ளி. ஐந்தே நாள் கழித்து 30-ஆம் நாள் மற்றொன்று! 1963-இலும் 1965-இலும் மேலும் இரண்டு. அவர் கையாண்டது 25 மடங்கு பெரிதாக்கும், 105 மில்லிமீட்டர் வில்லையுள்ள இரட்டைக்குழல்.

வால்வெள்ளியோடு அவர் நிற்கவில்லை. திடீரென ஒளிவிடும் நோவா எனும் புதுமீன்களையும் தேடலானார். புதியது எது என்று அறிய வேண்டுமாயின் பழையவை எல்லாம் நெஞ்சில் இருக்க வேண்டும். அவர் முப்பதாயிரம் விண்மீன்களின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருந்தார் என்பர். 1967-க்கும் 1991-க்கும் இடையே ஐந்து நோவாக்களைக் கண்டார். நெட்டுருப் போடுதலை இகழ்ந்து பேசுவது இக்காலத்து வழக்கம். யான் அவ்விகழ்ச்சியில் முழுதும் சேர மாட்டேன். 1983-ஆம் ஆண்டு மே மாதம் அவர் தம் வீட்டிற்குள்ளேயே இருந்து, சாளரக் கண்ணாடியின் வழியாக 15 மடங்கு, 80 மில்லிமீட்டர்க் கருவியால் நோக்கி ஐந்தாவது வால்வெள்ளியைக் கண்டார். செயற்கைக்கோள் ஒன்றும் சப்பானியர் ஒருவரும் அதனைத் தனித்தனியே கண்டிருந்தமையால் மூன்று பெயரும் சேர்த்து அது வழங்கப்படுகிறது. அது புவிக்கு 50 இலட்சம் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் கடந்து சென்றது. ஆல்காக் 2000-இல் மறைந்தார்.

1996-இல் நம்மவர் பலரும் வெறுங்கண்ணால் கண்ட ஒரு வால்வெள்ளியும் இக்கருவியின் கொடையே. சப்பானில் ககோசிமா பகுதியைச் சேர்ந்த யூசி இயாகுதாகே, 25 மடங்கும் 150 மில்லிமீட்டரும் உள்ள இரட்டைக்குழலால் சனவரி இறுதியில் அதனைக் கண்டுபிடித்தார். மார்ச்சு மாதத்து நள்ளிரவில் பெரம்பலூர்ப் பகுதியில் மொட்டைமாடிகளில் நின்று அதனைப் பார்த்தவர்களுள் யானும் ஒருவன். பெரம்பலூர் தனி மாவட்டமாகி அப்போது சில மாதங்களே. அரியலூர் அதனின்றும் பிரிந்து இன்றுள்ளவாறு நிலைபெற்றது 2007-இல்.

நம் நாட்டில் இத்தகையோர் இலரோ என்று கேட்கலாம். சென்னையில் 1786-இல் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் வைத்த வானாய்வுக்கூடம், 1792-இல் கும்பினியாரின் கூடமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அங்கே உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1867-இல் தென்கோடி வானத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவர் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். இலண்டனில் எக்காலத்தும் உதிக்காத மீன் அது. நமக்கோ தென் அடிவானத்துக்குச் சற்று மேலே தெரியும். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதினார்.

அவர் செய்தவற்றுள் என் உள்ளத்தைத் தொடுவது மற்றொன்று. பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் காணும் நிலையோடு பொருந்தவேண்டும் என்று அவர் வாதாடினார். அப்படிக் கணித்ததே திருக்கணிதப் பஞ்சாங்கம். 'திருக்' என்றால் பார்வை. ஏட்டில் உள்ளபடி கோள் நிற்கவில்லை என்றால், பிழை ஏட்டினது, கோளினது அன்று. வீடுகள்தோறும் திருக்கணிதமா வாக்கியமா என்று வழக்காடுவோருள், இச்சொல்லுக்குப் பின்னே நுங்கம்பாக்கத்தில் இரவெல்லாம் விழித்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் 1880-இல் காலமானார். கூடத்தின் பணி 1899-இல் கோடைக்கானலுக்குச் சென்றது. பின்னர் வைனு பாப்பு சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1968-இல் முதல் தொலைநோக்கியை நிறுவினார். 1986 முதல் அங்குள்ள 2.34 மீட்டர் பெருங்கருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காவலூர்க் கருவி அறிஞர்க்கு உரியது. ஊராருக்கு உரியது எது? போர்க்காலத்துப் பெருங்கருவிகள் எளியோர் கைக்கு எட்டாதவை. சென்ற நூற்றாண்டின் இறுதியில் சீனத் தொழிற்சாலைகள் 70, 80, 100 மில்லிமீட்டர் இரட்டைக்குழல்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபின் விலை சரிந்தது. வில்லையின் அகலமே ஒளி சேர்க்கும் பெருவாய். இருளில் விரிந்த நம் கண்மணி 7 மில்லிமீட்டர் என்றால், 80 மில்லிமீட்டர் வில்லை அதனைப்போல் 130 மடங்கு ஒளியை வாங்குகிறது. பெட்டியின் மேலுள்ள இரண்டு எண்களில் முதலெண் பெரிதாக்கம், இரண்டாமெண் வில்லையின் அகலம். விண்ணுக்குப் பின்னதே முதன்மை. யான் 2009-இல் அறியாதது இதுவே.

இரண்டாம் முறை, ஓய்வு பெற்றபின், என் சொந்தப் பணத்தில் 20 மடங்கு, 80 மில்லிமீட்டர்க் கருவி ஒன்றை வருவித்தேன். வந்த முதற் கருவியில் நிலவு இரண்டாகத் தெரிந்தது. வழியில் அடிபட்டு இரு குழல்களும் இணைவிட்டு விலகியிருந்தன. விலை மலிந்த கருவிகளுக்கு இதுவே பெருங்குறை. கண் சற்று நேரம் முயன்று இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பிறகு தலைவலிக்கும். வாங்கிய அன்றே ஒரு பிரகாசமான விண்மீனை நோக்கி, ஒரு குழலை மட்டும் தெளிவு குலைத்துப் பாருங்கள். அக்குழலில் மீன் ஒரு வட்டத் தகடுபோல் விரியும். மற்றக் குழலின் கூரிய புள்ளி அத்தகட்டினுள் அமைய வேண்டும். வெளியே விலகி நின்றால் திருப்பி அனுப்புக. யான் அனுப்பினேன்; கடிதப் போக்குவரத்தில் ஒரு மாதம் கழிந்தது; மாற்றுக் கருவி நன்றாகவே இருந்தது.

எடையையும் எண்ண வேண்டும். 15 மடங்கு, 70 மில்லிமீட்டர் உள்ளது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழங்கையை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் என்றால் 4 கிலோ. உறுதியான தாங்கி இன்றி அது பயனற்றது, அத்தாங்கியின் விலை கருவியின் விலையைத் தொடும். யான் கண்ட எளிய வழி: கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுக்கும் கவைக்கோலைக் கருவிக்குக் கீழே நிறுத்துவது. கழுத்து வலியும் இல்லை, செலவும் இல்லை. வீட்டார் சிரித்தனர், அது வேறு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: இக்கருவியைக் கொண்டு ஞாயிற்றை ஒருகாலும் நோக்கலாகாது. நொடிப்பொழுதில் பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் பகலில் கொடுத்துவிட்டு அப்பால் செல்லாதீர்கள்.

சனிக்கோளின் வளையத்தைத் தனியே பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டா. 20 மடங்கில் அது நீண்ட முட்டைபோல் தோன்றும், அவ்வளவே. ஆனால் கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் தென் வானில், அடிவானிலிருந்து 31 பாகை உயரத்தில் ஒமேகா செந்தாரி எனும் விண்மீன் திரள் பஞ்சுருண்டை போல் நிற்கும். பல இலட்சம் ஞாயிறுகள் கூடியது அது. ஆல்காக் தம் ஊரில் நின்று வாழ்நாள் முழுதும் தேடியிருந்தாலும் காண இயலாத பொருள் அது. அகத்தியர் மீனும் அவ்வூரில் உதிப்பதில்லை. இரண்டும் நமக்கு வாசலில் கிடைக்கின்றன.

சாத்தனூர்க் கல்மரத்துக்கு 12 கோடி ஆண்டு வயது என்பர். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிளிஞ்சல்கள் கிடப்பதும், கடல் விலகிய கதையும் நம் பிள்ளைகள் பாடமாகப் படிப்பவை. பங்குனி, சித்திரை இரவுகளில் கன்னிராசித் திசையில் இக்கருவி மங்கலாகக் காட்டும் சில ஒளித்திட்டுகள் அண்டத்தீவுகள். அவற்றின் ஒளி புறப்பட்டு ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அரியலூர்க் கடல் வற்றியதற்குப் பின்னரே புறப்பட்ட ஒளி! காலடியில் உள்ள கல் தலைக்குமேல் உள்ள ஒளியைவிடப் பழையது என்பதை யான் வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியும் விளங்கவைத்ததில்லை.

ஆனால் வானம் முன்போல் இல்லை. சுண்ணாம்புக்கல்லே எங்கள் பகுதிக்குச் சிமெண்டு ஆலைகளையும் கொணர்ந்தது. அவை பலருக்குச் சோறு போடுகின்றன. அவற்றை யான் குறைகூற வரவில்லை. ஆயினும் ஆலை விளக்கும் தூசியும் சேர்ந்து அரியலூர்த் திசை வானத்தை வெளுப்பாக்கிவிட்டன; தெருவெங்கும் வந்துள்ள வெள்ளை விளக்குகளும் கீழ் நோக்கி எரிவதோடு நில்லாமல் மேலும் பரவுகின்றன. என் இளமையில் பெரம்பலூர் நகரத்திலிருந்தே பால்வீதி தெரியும். இப்போது அதனைக் காண நகரை விட்டு வெளியே செல்ல வேண்டும். கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளைக் காணப் பலர் சிறிய பைனாகுலர்களோடு வருகின்றனர். பறவைக்குக் கிடைத்த காப்பு இருளுக்கும் கிடைத்தால் நன்று. விளக்குக்கு ஒரு மூடி போடுவது பெருஞ்செலவன்று.

தை மாதத்தில் ஓரிரவு, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அண்மையில் ஒரு சிற்றூரில், அறிந்த ஆசிரியர் ஒருவர் அழைத்ததன் பேரில் அக்கருவியோடு சென்றேன். நெல் அறுத்த வயல், நல்ல இருள். இடபத்தின் கொம்பு நுனியைப் பிடித்து, 1054-இன் எச்சத்தைக் காட்டினேன். பெரியோர் இருவர்க்கே அது தெளிவாய்ப் புலப்பட்டது. ஏனையோர் தெரியவில்லை என்றே சொன்னார்கள். கண் இருளுக்குப் பழக இன்னும் கால்மணி நேரம் ஆகும் என்றேன், காத்திருந்தனர்.

பிள்ளைகளுக்கு வியாழன். கவைக்கோலை இறுக்கி நிறுத்தினேன். வியாழனைச் சுற்றி நான்கு சிறு நிலவுகள் ஒரு கோட்டில் நிற்கும், கலிலியோ கண்டவை அவையே என்று முன்னரே விரிவாகச் சொல்லிவிட்டேன். முதலில் வந்த சிறுமிக்கு ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். இரு கண்ணும் இரு குழலுக்கும் எட்டவில்லை. குழல்களை எவ்வளவு நெருக்கினாலும் சிறு பிள்ளைகளின் கண்ணிடைவெளி அதனினும் குறுகியது. இதை விற்போர் ஒருவரும் சொல்வதில்லை. ஒரு கண்ணால் பார் என்றேன். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நாலும் தெரிகிறதா?" என்றேன்.

"மூணுதான் சார் இருக்கு."

"நன்றாகப் பார், அம்மா. நான்கு இருக்கும்."

மறுபடியும் குனிந்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று என்று விரலால் காட்டி, "மூணுதான்" என்றாள். யான் அவளை நகரச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தன. வீட்டிற்கு வந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தபோது, அந்நேரத்தில் ஒரு நிலவு வியாழனுக்குப் பின்னே மறைந்திருந்ததாகக் குறித்திருந்தது.